கேட்காதே, பார்!

உள்ளூர் ரயிலில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். பர்ஸ் தொலைந்த கதை, மச்சான் முன் பெட்டியில் டிக்கெட்டோடு இருக்கிற கதை, மெஷின் காசை விழுங்கிவிட்டுப் பேசாமல் நின்ற கதை. ஒருத்தர் தன் டிக்கெட்டைக் குழந்தை தின்றுவிட்டது என்று சொல்லி, சாட்சிக்குக் குழந்தையையே தூக்கிக் காட்டினார். நம்முடைய செக்கர் இதெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கையை நீட்டுவார். டிக்கெட் இருந்தால் பார்ப்பார், இல்லாவிட்டால் அபராதம் எழுதுவார். கதை கேட்டால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் நியாயம் போய்விடும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் உறுப்பினர் அவர் ஒருவர்தான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

இணையத்தில் பாட்டுகளைப் பரிமாறிக்கொள்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கிடைத்ததைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு ரகம். அவர்கள் நிம்மதியாக இருப்பவர்கள், விட்டுவிடலாம். இன்னொரு ரகம், ஒரு துளிகூடக் குறையாத பாட்டுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள். எம்பி3 என்பது பாட்டைச் சுருக்கிக் குட்டியாக்கிய கோப்பு. சுருக்கும்போது, காதுக்கு எட்டியும் எட்டாத உச்சத்து சத்தங்களைக் கத்தரித்து எறிந்துவிடுவார்கள். ஃபிளாக் என்பது எதையும் எறியாத முழுக் கோப்பு. வம்பு எங்கே வருகிறதென்றால், சில புண்ணியவான்கள் குட்டிக் கோப்பை எடுத்து, அதற்கு ஃபிளாக் சட்டையை மாட்டி, முழுசு என்று சொல்லி ஏற்றிவிடுகிறார்கள். எடைதான் கூடும், பாட்டு கூடாது. எறிந்தது எறிந்ததுதான்.

இந்தத் தில்லுமுல்லைக் காதால் பிடிப்பது கஷ்டம், கண்ணால் பிடிப்பது சுலபம். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பாட்டை அதில் போட்டால் படமாக விரியும். கீழே கனத்த சத்தம், மேலே போகப் போக மெல்லிய சத்தம். அசல் என்றால் புல் முளைத்த மாதிரி உச்சி வரைக்கும் ஒழுங்கில்லாமல் நீண்டிருக்கும். போலி என்றால் நொடிக்குப் பதினாறாயிரம் அதிர்வுக்குப் பக்கத்தில் சலூனில் வெட்டிவிட்ட மாதிரி தட்டையாக நிற்கும். இதைப் பார்த்த அன்றைக்கே செக்கருக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. பாட்டுக்கும் டிக்கெட் இருக்கிறது, அதையும் பரிசோதிக்கலாம் என்றால் வேறென்ன வேண்டும்?

அவரும் ஒரு மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து 'முழுசு' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குக் குழுவில் 'மாத்திரை' என்று பெயர். நம்மவருக்கு 'பதினாறு'. யார் எந்தப் பாட்டை ஏற்றினாலும் முதலில் இவர்கள் இரண்டு பேர் கண்ணில்தான் படும். இவர்கள் சரி என்றால்தான் மற்றவர்களுக்குப் போகும். குழுவின் வாசலிலேயே முதல் விதியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'கேட்காதே, பார்!' அதாவது, பரிசோதிக்கிறவர் பாட்டைக் கேட்கவே கூடாது. படத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். கேட்டு, பாட்டு பிடித்துப்போய்விட்டால், ஐயோ பாவம் என்று உள்ளே விடத் தோன்றுமாம். விதியை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோற்றுப்போன பாட்டுகளுக்கு ஒரு தனிப் பக்கம் இருந்தது. பெயர் 'கல்லறை'. கோப்பை அழித்துவிட்டு, அதன் படத்தை அங்கே மாட்டுவார்கள். வெட்டின இடத்தில் சிவப்பு வட்டம். மேலே செக்கர் கைப்பட நாலு வரி நக்கல். கீழே, ஏற்றியவர் என்ன எழுதியிருந்தாரோ அது அப்படியே. ஊரெல்லாம் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் அதை விட்டுவைப்பது. ஏற்றியவரைக் குழுவிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள். கல்லறைக்குப் போன கேஸை மறுபடி எடுப்பதில்லை என்பது ஏழாவது விதி.

வீட்டில் சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறையைச் செக்கர் பாட்டு அறையாக மாற்றியிருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டை. ஜன்னலுக்குக் கம்பளி போல இரட்டைத் திரை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார், வெளிச்சத்தம் ஒரு இம்மிகூட உள்ளே வரக் கூடாது என்று. வெளிச்சத்தம் என்றால் வேறொன்றுமில்லை, அவர் மனைவி. வேலை செய்துகொண்டே ஏதாவது முனகிக்கொண்டிருப்பார் அந்த அம்மா. பாத்திரம் கழுவும்போது ஒரு பாட்டு, துணி மடிக்கும்போது ஒரு பாட்டு, தொலைபேசியில் யாரையாவது காத்திருக்கச் சொல்லிவிட்டு அதற்குள் அரைப் பாட்டு. செக்கர் அறைக்குள்ளிருந்து, "கதவ சாத்தும்மா" என்பார். சாத்திவிட்டுப் போவார்.

இவ்வளவு ஏற்பாடும் செய்த செக்கரின் காது லட்சணத்தை ஒருநாள் மகள் சோதித்துப் பார்த்தாள். கல்லூரியில் படிக்கிறவள், வாய் நீளம். போனில் ஏதோ ஒரு செயலியை வைத்து, கீச்சென்ற சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள்.

"கேக்குதாப்பா?"

"கேக்குது."

"இப்ப?"

"இன்னும் நீ ஆரம்பிக்கவே இல்லையே."

பதினோராயிரத்தைத் தாண்டியதுமே அப்பாவின் காது கடையைச் சாத்திவிட்டது தெரிந்து, அவள் சிரித்த சிரிப்பில் போன் கை நழுவி விழுந்தது. "பதினாறுல வெட்டுன்னு ஊரையே மிரட்டறீங்க, உங்களுக்கே பதினொண்ணுலதான் வெட்டு!" என்றாள். செக்கர் அசரவில்லை. "நான்தான் கேக்கறதே இல்லையே" என்றார்.

இனி அந்த அம்மாவின் கதைக்கு வரலாம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் அவருக்கு வேலை. 'எலும்பு முறிவு டாக்டர் எங்கிருந்தாலும் அவசரப் பிரிவுக்கு வரவும்' என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற குரல் அவருடையதுதான். ஒலிபெருக்கி கரகரவென்று இருக்கும். குரல் அப்படியல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அவர் 'வெள்ளிமணி' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார், விசேஷ வீடுகளில் பாடும் குழு. ஒரே ஒரு தடவை வானொலி நிலையம் அந்தக் குழுவைக் கூப்பிட்டது. நேரடி ஒலிபரப்பு, இரண்டு பாட்டு. முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவது பாட்டின் நடுவில், எதிரே, மார்பில் மாட்டி இழுக்கிற அக்கார்டியனை வாசித்துக்கொண்டிருந்த தடித்த மனிதரின் நாற்காலிக் கால் மெதுவாக விலக ஆரம்பித்தது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. வாசித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் அக்கார்டியனுக்கு மேலே இரண்டு கண் மட்டும் மிச்சமிருந்தது. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரியின் நடுவிலேயே சிரித்து, அடுத்த வரியை எப்படியோ பாய்ந்து பிடித்து, பாடி முடித்தார். நிலையத்து அதிகாரி முகம் மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அந்தப் பக்கம் கூப்பிடவே இல்லை.

இந்தக் கதையைக் குடும்பத்தில் கேட்காதவர்கள் கிடையாது, நம்பியவர்களும் அதிகம் கிடையாது. நாத்தனார் முகத்துக்கு நேராகவே, "ரேடியோல எல்லாம் சிரிச்சா விடுவாங்களாக்கும், யாருக்குக் காது குத்தறே?" என்று சொல்லியிருக்கிறார். செக்கர் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கல்யாணமான புதிதில், "ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தார். தொழில் புத்தி. அந்த அம்மாவிடம் ஆதாரம் இல்லை. அன்றைக்கு நிலையத்தில் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை, குழுவும் கலைந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவர் மறக்கவும் இல்லை. செக்கர் இணையத்தில் பாட்டு சேகரிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உலகத்துப் பாட்டையெல்லாம் அள்ளிக்கிட்டு வரீங்க. யாராவது ஒரு புண்ணியவான் அன்னிக்கு ரேடியோவுல டேப் பண்ணி வச்சிருப்பான். அத மட்டும் தேடித் தாங்க. அந்தச் சிரிப்ப ஒரு தடவ நான் கேக்கணும்." செக்கரும் தேடாமலில்லை. மனசார ஆசைப்பட்டுத்தான் தேடினார். கிடைத்தால் மனைவியின் முன்னால் கொண்டுபோய் எப்படி வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

கிடைத்தது. அவருடைய லீவு நாள் ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர் குழுவில் ஒரு கோப்பை ஏற்றினார். புனைபெயர் 'பன்'. கோப்புக்குப் பாடியவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செக்கருக்கு முதல் பார்வையிலேயே எரிச்சல். மென்பொருளில் போட்டார். படம் விரிந்தது. பதினைந்தில் வெட்டு! பதினாறுகூட இல்லை. அதற்கு மேலே வெறும் இருட்டு, அந்த இருட்டில் பத்தொன்பதுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு, லேசாக நெளிந்து நெளிந்து ஓடியது. இப்படி ஒரு அசிங்கத்தை அவர் பார்த்ததே இல்லை. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. எழுதியிருப்பது கதை, அவருக்கு வேண்டியது டிக்கெட்.

சிவப்பு வட்டம் போட்டார், வெட்டுக்கு ஒன்று, நெளிகிற கோட்டுக்கு ஒன்று. 'இங்கே உறங்குவது ஒரு குட்டிக் கோப்பு. அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தது. தைத்தவன் நூலைக்கூட அறுக்கவில்லை. பன் அவர்கள் மாவில் கலப்படம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளவும்' என்று எழுதிக் கல்லறையில் மாட்டினார். கோப்பை அழித்தார். குப்பைக்கூடையையும் காலி செய்தார். பன்னை வெளியே தள்ளினார். எல்லாம் முடிந்து டீ ஆறுவதற்குள் எடுத்துக் குடித்தார். மாத்திரை சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அந்த நக்கல் குழுவில் பிரபலமாகிவிட்டது. ஆளாளுக்குப் பாராட்டப் பாராட்டச் செக்கருக்குத் தலைகால் புரியவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம், தன் பெருமையை வீட்டிலும் ஒருவராவது பார்க்கட்டும் என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வாயேன், ஒரு காமெடி காட்டறேன்."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன இது, சுவத்துல ஈரம் ஏறின மாதிரி?"

"பாட்டு."

"இதுவா?"

"பாட்டே இல்லங்கறதுதான் காமெடி. இதோ பாரு, பதினஞ்சுல வெட்டு. மேல ஒரு நூலு நெளியுது பாரு. அத வச்சுத்தான் நான் எழுதியிருக்கேன், படி."

அவர் படித்தார். செக்கர் எழுதியதை அல்ல, அதற்குக் கீழே பன் எழுதியிருந்ததை. வாய்விட்டே படித்தார்.

"ரேடியோவில் வந்தது. என் அண்ணன் வீட்டு ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்து வைத்திருந்தது. வெள்ளிமணி என்று குழுவின் பெயரைச் சொல்கிறார்கள். இரண்டாவது பாட்டில் பாடுகிற பெண் நடுவில் சிரித்துவிடும். அதுவரைக்கும் பொறுமையாகக் கேளுங்கள். நன்றாக இருக்கும்."

இஸ்திரிப் பெட்டி அடுத்த அறையில் டிக்கென்று சத்தம் போட்டு அணைந்தது. அந்த அம்மா திரையில் விரலை வைத்து, கடைசி வரியை மறுபடி ஒரு தடவை படித்தார்.

"இது நான்" என்றார்.

"எது?"

"சிரிச்ச பொண்ணு. இது நான்தாங்க!" சின்னப் பெண் மாதிரி செக்கரின் தோளைப் பிடித்து உலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "கெடச்சிருச்சு பாத்தீங்களா? எவனாவது வச்சிருப்பான்னு சொன்னேன்ல? போடுங்க, போடுங்க, கேக்கலாம்!"

செக்கர் முகத்தில் ஈயாடவில்லை. தண்டவாளத்தில் வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அழிச்சாச்சு" என்றார்.

"என்னது?"

"அழிச்சிட்டேன். போலின்னு."

"கேட்டீங்களா?"

"கேக்க மாட்டோம். அது... ரூல்."

"ஒரு வரிகூடவா கேக்கல?" என்றார். "உங்களுக்குக் குரல் தெரிஞ்சிருக்குமே. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சிருக்காதா?"

கத்தியிருந்தால் செக்கருக்கு வசதியாக இருந்திருக்கும். கத்துகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார். இவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். பதில் வராததால் எழுந்து போனார். கதவைச் சாத்தச் சொல்லி அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சாத்தின சாத்தில் சுவரிலிருந்து ஒரு முட்டை அட்டை கழன்று விழுந்தது.

செக்கர் முதலில் செய்த காரியம், தான் செய்தது சரிதானா என்று சரிபார்த்தது. போலியாக இருந்தால் தன் மேல் பாதித் தப்புதானே? கம்ப்யூட்டரில் தேடினார். எஃப்எம் வானொலியில் வருகிற எதுவுமே பதினைந்துக்கு மேல் போகாதாம். ஒலிபரப்புகிற இடத்திலேயே அப்படி நிறுத்தித்தான் அனுப்புவார்களாம். பத்தொன்பதில் ஓடுகிற அந்தக் கோடு, இது இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலிபரப்பு என்று ரேடியோ பெட்டிக்குச் சொல்வதற்காக நிலையமே சேர்த்து அனுப்புகிற சத்தமாம். அது நேராக இல்லாமல் நெளிந்தது எதனால் என்றால், டேப் ஓடும்போது லேசாக இழுபடுவதால். ஆகக்கூடி, நேரடியாக வானொலியிலிருந்து டேப்பில் பிடித்தது என்பதற்கு இதைவிடச் சுத்தமான அத்தாட்சி கிடையாது. அவர் சிவப்பு வட்டம் போட்டுச் சிரித்தாரே, அதுதான் டிக்கெட்.

மாத்திரைக்குப் போன் போட்டார். "அண்ணே, நெட்ல நாம வாடகைக்கு எடுத்த இடம் அது, அழிச்சா அழிச்சதுதான். அதுவும் குப்பைக்கூடைய வேற காலி பண்ணிட்டீங்க. இல்லாட்டியும் ஏழாவது ரூல் இருக்கே" என்றார் மாத்திரை. செக்கர் ஏழாவது விதியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நல்லவேளையாக, பன்னின் முகப்புப் படத்தில் ஒரு பேக்கரியின் பெயர்ப் பலகை பாதி தெரிந்தது. தெருவின் பெயரும் தெரிந்தது. அடுத்த லீவு நாளில் கிளம்பினார். "நானும் வரேன்" என்று மனைவியும் கிளம்பினார். ரயில்வே ஊழியரின் மனைவிக்கு ரயிலில் சலுகை அட்டை உண்டு. அந்த அம்மா அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். உட்கார்ந்ததும் அதை அவர் முன்னால் நீட்டினார்.

"பாத்துக்கோங்க. செல்லுமா?"

செக்கர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பேக்கரி சின்னதுதான். முன்னால் கண்ணாடி அலமாரியும் ஒரு கல்லாவும், பின்னால் அடுப்பின் அனல். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மாவு பிசைகிற மெஷின் கர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கை வரைக்கும் மாவோடு வந்தார் கடைக்காரர். செக்கர் தான் யார் என்று சொன்னதும் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். அவரோ கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"பதினாறு சார் நீங்கதானா? நேர்லயே வந்துட்டீங்களே. நீங்க சொல்லித்தான் சார் எனக்கு விஷயமே தெரிஞ்சது."

"என்ன தெரிஞ்சது?"

"எங்க அண்ணன் போயிட்டான் சார். அவன் சாமான்ல இந்த டேப்பு கெடந்தது. கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்ற கடையில குடுத்து, பென் டிரைவ்ல வாங்கினேன். அந்தக் கடைக்காரன்தான் உங்க குரூப்ப சொன்னான், அங்க போடுங்க, நல்லா ரசிக்கறவங்க இருக்காங்கன்னு. நீங்க போலின்னு எழுதிட்டீங்க. எங்க அண்ணன் யாரையும் ஏமாத்தற ஆளு இல்ல சார். அப்ப யாரு ஏமாத்தினது? கடைக்காரன்தானே? நேரா போனேன். அந்த கேசட்ட அவன் காலடியில விட்டெறிஞ்சேன். ஒடஞ்சு, ரிப்பன் எல்லாம் வெளிய வந்து, காத்துல தெரு வரைக்கும் போச்சு. அவனே பெருக்கித் தள்ளினான்."

"பென் டிரைவ்?" என்றார் செக்கர்.

"போலிய வச்சு என்ன சார் பண்றது? அழிச்சிட்டு கேக் போட்டோ ஏத்தி வச்சிருக்கேன். பாக்கறீங்களா? மூணடுக்குக் கேக்கு ஒண்ணு..."

"அது அசல்ங்க" என்றார் செக்கர். "அசலேதான். தப்பு பண்ணினது நான். உங்க அண்ணன் இல்ல, கடைக்காரர் இல்ல."

பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் இப்ப அவன்கிட்டப் போய் மன்னிப்பு கேக்கணுமா?" என்றார். "என்ன சார் இது."

அந்த அம்மா, "அந்தப் பாட்டு பாடினது நான்தான்" என்றார். "கொஞ்சமாச்சும் எங்கயாவது இருக்கா?"

பேக்கரிக்காரர் மாவுக் கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். நெற்றியெல்லாம் வெள்ளை. "இருங்க, இருங்க. அண்ணிக்கு அனுப்பினேன். அண்ணன் பிடிச்ச பாட்டாச்சே, கேக்கட்டும்னு. கம்ப்யூட்டர்ல பாட விட்டு, போன பக்கத்துல வச்சு, வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். இந்த மேஜையிலதான். கொஞ்சம்தான் இருக்கும், நடுவுல ஆளு வந்துட்டாங்க."

போனைத் தேடி எடுத்து, கேக் அலமாரியின் மேல் வைத்து, அமுக்கினார்.

கர்ரென்று ஒரே இரைச்சல். பேக்கரிக்காரர் ஓடிப்போய் மாவு மெஷினை நிறுத்தினார். இரைச்சல் நிற்கவில்லை. அது போனுக்குள்ளே இருந்த மெஷின். அந்த இரைச்சலுக்குள்ளே யாரோ ஒரு ஆள், 'முட்டை போடாத கேக் இருக்கா?' என்று கேட்டார். தகர டப்பாவின் அடியிலிருந்து வருவது போல அக்கார்டியன் கேட்டது. அதன்மேல் ஒரு இளம் குரல் ஏறி வந்தது. செக்கரின் கல்லறையில் இவ்வளவு கேவலமான ஒலி இதுவரைக்கும் அடக்கமானதில்லை. பாட்டு ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரியின் பாதியில், அந்தக் குரல் திடீரென்று உடைந்தது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மூக்கால் கொஞ்சமும் வாயால் கொஞ்சமுமாக ஒரு சிரிப்பு. அது முடிவதற்குள், தாளம் ஒரு தட்டுத் தள்ளிப்போயிருக்க, ஓடிப்போய் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டது. 'முட்டை போடாததா? இருங்க...' என்று பேக்கரிக்காரர் குரல். அவ்வளவுதான், முடிந்தது.

செக்கருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. அதே சிரிப்பு. தினமும் சமையலறையிலிருந்து வருகிற சிரிப்பு. போனில் யாரோடாவது பேசும்போது, மகளோடு சேர்ந்து தன்னைக் கேலி செய்யும்போது, இதே மூக்கும் வாயுமாக. அதைத் தடுக்கத்தான் தான் கடை கடையாக ஏறி இறங்கி ரப்பர் பட்டை வாங்கி ஒட்டினோம் என்பது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பேக்கரிக்காரர் முன்னால் கண்ணைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது. துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றார் அந்த அம்மா. போட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் இவரும் சிரித்தார். மூன்றாம் தடவை போட்டபோது கடைக்கு வந்திருந்த ஒருத்தரும் சேர்ந்து சிரித்தார், என்ன ஏது என்று தெரியாமலே. பேக்கரிக்காரர் அந்த அம்மாவின் போனை மாவுக் கையாலேயே வாங்கி, மெசேஜை அதற்கு அனுப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. அந்த அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பாட்டும் முழுசா இருந்துச்சு" என்றார்.

"ஆமா."

"நீங்க அழிச்சிட்டீங்க."

"ஆமா."

எதையாவது செய்துதான் ஆக வேண்டும் என்று செக்கர் வழியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் உற்சாகமாக ஆரம்பித்தார். பாட்டு அறையில் நல்ல மைக் இரண்டு வைக்கலாம், திரையெல்லாம் இழுத்துவிட்டு அதே பாட்டை அவர் பாடட்டும், ஒரு துளி குறையாமல் பதிவு செய்து தருகிறேன், உச்சி வரைக்கும் புல்லாக முளைத்து நிற்கும் என்றார்.

அந்த அம்மா புடவைத் தலைப்பில் போனின் கண்ணாடியைத் துடைத்தார். அதில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"பாடறேன்" என்றார். "அந்த நாற்காலிய யாரு உடைக்கறது?"

அடுத்த அறையிலிருந்து மகள், "அப்பாவ உக்கார வைங்கம்மா, தானா உடையும்" என்று குரல் கொடுத்தாள். அன்றைக்கு முதல்முறையாக அவர் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தார். மன்னித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார்.

மறுநாள் வேலையில், டிக்கெட் இல்லாத ஒருத்தர் வழக்கம்போலக் கதை சொல்ல ஆரம்பித்தார். செக்கர் எதிர் சீட்டில் உட்கார்ந்து, நடுநடுவே கேள்வியெல்லாம் கேட்டு, முழுக் கதையையும் கேட்டார். அந்த ஆளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கதை நன்றாகத்தான் இருந்தது. கேட்டு முடித்துவிட்டு அபராதத்தை எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பாட்டு அறைக் கதவின் ரப்பர் பட்டையை உரித்துப் போட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த வாய்ஸ் மெசேஜை எடுத்து, எந்தச் சட்டையும் மாட்டாமல், இருந்தபடியே தன் பெயரில் குழுவில் ஏற்றினார். கீழே எழுதினார்: 'பாடுவது என் மனைவி. மாவு மெஷின் சத்தம் இருக்கும். நடுவில் சிரிப்பார். அதுவரைக்கும் பொறுமையாகக் கேளுங்கள்.' தன் கோப்பைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பது மூன்றாவது விதி. மாத்திரையின் முடிவுக்குக் காத்திருந்தார்.

அதிகம் காக்க வேண்டியிருக்கவில்லை. கல்லறையில் புதிதாக ஒரு படம் ஏறியது. எட்டில் வெட்டு. சிவப்பு வட்டம். மேலே மாத்திரை நாலு வரி எழுதியிருந்தார், செக்கரின் நடையைப் பார்த்துப் பழகிய கை, நக்கல் நன்றாகவே வந்திருந்தது. 'பதினாறு' குழுவிலிருந்து நீக்கப்பட்டார் என்ற அறிவிப்பும் வந்தது. செக்கர் போனை எடுத்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மாத்திரை முந்திக்கொண்டார். "உங்க பேர பாத்துட்டு ரெண்டு தடவ சரிபாத்தேன். ஆனா எட்டுல வெட்டுண்ணே. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"அது சரிடா. கேட்டியா?"

"என்னத்தண்ணே?"

"பாட்ட."

மறுமுனையில், மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள்.

"நாம எங்கண்ணே பாட்டெல்லாம் கேக்கறோம்?" என்றார் மாத்திரை.